வட்டி வேண்டாதவர்

மஹ்மூத் முதலாளி பட்டின சபைக்கு மண்ணெண்ணெய் கொடுத்தார். சபை அவருக்குத் தவணை கொடுத்தது. கண்டியிலிருந்து கம்பளைக்குப் போகிற வழியில் இருந்த அந்தச் சின்னப் பட்டினத்தின் தெருவிளக்குகள் எல்லாம் அவருடைய எண்ணெயில்தான் எரிந்தன. பில் கொடுத்து ஒன்றரை வருடமாகியும் காசு வந்தபாடில்லை. கேட்கப் போனால் சபைக் கிளாக்கர் சுந்தரலிங்கம், "வாற கூட்டத்திலை பாப்பம், முதலாளி" என்பார். கூட்டமும் கூடும், தேத்தண்ணீர் குடிக்கும், கலைந்து போகும்.

கொழும்புக் கம்பனியோ கடனுக்கு ஒரு போத்தல் எண்ணெய் தராது. ஆகவே மஹ்மூத் தன் மனைவி றம்லத்தின் சீதன வீட்டைச் சேதுராமன் செட்டியாரிடம் ஈடு வைத்து, வட்டிக்குப் பணம் எடுத்தார். வட்டி கொடுப்பதும் பாவம் என்று அவருக்குத் தெரியாமலில்லை. அதனால்தான் ஊருக்குத் தெரியாமல் எடுத்தார். படைத்தவனுக்குத் தெரிந்ததைவிட, பள்ளிவாசல் தலைவர் நளீர் ஹாஜியாருக்குத் தெரிந்துவிடுமோ என்பதுதான் அவருடைய பயம்.

கடைசியில், வழக்குப் போடுவேன் என்று மஹ்மூத் மிரட்டிய பிறகுதான் சபை இறங்கி வந்தது. வக்கீல் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற புறக்டர் ஒருவரை இரு தரப்பும் நடுவராக ஏற்றுக்கொண்டன. சபை மண்டபத்தில் விசாரணை. நளீர் ஹாஜியார் சபை அங்கத்தவரும்கூட. முன் கதிரையிலேயே உட்கார்ந்திருந்தார்.

"பிழை சபையுடையது. முதல் பணத்தைக் கொடுக்க வேண்டும். பிந்திய காலத்துக்கு வட்டியும் கொடுக்க வேண்டும்" என்றார் புறக்டர்.

மஹ்மூத் மனதுக்குள் கணக்குப் போட்டார். செட்டியாருக்குக் கொடுக்க வேண்டிய முதலுக்குச் சபை தரும் முதல், அந்த வட்டிக்கு இந்த வட்டி. வீடு மீண்டுவிடும்.

"என்ன மஹ்மூத், வட்டி எடுக்கப் போறீங்களா?" என்று கேட்டார் நளீர் ஹாஜியார்.

மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"அஸ்தஃபிருல்லாஹ்! எனக்கு முதல் போதும்."

புறக்டர் நல்ல மனிதர். "நட்டஈடு என்று எழுதித் தரட்டுமா?" என்று மெல்லக் கேட்டார். அப்போதாவது வாயை மூடிக்கொண்டு தலையாட்டியிருக்கலாம். எல்லோரும் பார்க்கிறார்கள் என்றதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

"பன்றிய ஆடுன்னு கூப்பிட்டா திங்க ஏலுமா, ஐயா?"

மண்டபம் சிரித்தது. ஹாஜியார் எழுந்து வந்து கட்டித் தழுவினார். வட்டி வேண்டாம் என்ற கடதாசியில் மஹ்மூத் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம், மண்டபம் சிரித்த அந்தப் பகிடியையும் விடாமல், சொன்னார். றம்லத் சிரிக்கவில்லை.

"எடுக்கிறது ஹறாம். குடுக்கிறது மட்டும் ஹலாலா? செட்டியார்கிட்ட கைநீட்டினப்போ இந்த ஈமான் எங்க போச்சு? எங்க வாப்பா கட்டின வீடு இது. ஹாஜியார் கட்டிப்பிடிக்கிறதுக்காகவா அத வித்தீங்க?"

மஹ்மூத் எழுந்து கடைக்குப் போனார்.

சபை முதல் பணத்தை ஒரே வாரத்தில் கொடுத்தது. மிச்சம் பிடித்த சந்தோஷம். செட்டியார் அதை வாங்கிக்கொண்டு வட்டிக்காகக் காத்திருந்தார். வட்டி வராமல் போன பிறகு, மரியாதையாகவே வந்து வீட்டுக் கதவின் திறப்பைக் கேட்டார். "சபைக்கு இருக்கிற பொறுமை எனக்கு இருந்தா, நான் எப்பவோ ஆண்டியாயிருப்பேங்க."

சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது சுந்தரலிங்கம் கடதாசியோடு வந்தார்.

"வாற வருச எண்ணெயும் உங்களுக்குத்தான், முதலாளி. ஒருத்தரும் மறுக்கேல்லை. மற்ற ஆக்கள் எண்டால் காசு பிந்தினால் வட்டி கேப்பினம். நீங்கள் கேக்க மாட்டியள் எண்டு எல்லாருக்கும் தெரியும்தானே."

வண்டிக்குள்ளிருந்து றம்லத்தின் குரல் வந்தது. "போடுங்க கையெழுத்த. இந்தத் தடவ எத ஈடு வைக்கிறதுன்னு அந்தக் கிளாக்கர்ட்டயே கேளுங்க."

மஹ்மூத் கேட்கவில்லை. அவருக்கு வேறு வியாபாரமும் இல்லை. வண்டிச் சக்கரத்தின்மேல் கடதாசியை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.