கூரை உயரத்தில் நீச்சல்குளம்

அக்டோபர் ஐந்தாம் தேதி, சனிக்கிழமை, காலை பத்து இருபதுக்கு, லவால் நகரில் ரேயால் கோத்ரோவின் நீச்சல்குளம் தரையை விட்டு எழும்பியது. ரேயால் பிரஷ்ஷோடு உள்ளே நின்றிருந்தார். அன்று எங்கள் தெருவில் ஆறு வீடுகளில் குளத்தை மூடிக்கொண்டிருந்தார்கள். மற்ற ஐந்தும் இருந்த இடத்திலேயே இருந்தன. தண்ணீரைக் குழாய் வாய்க்குக் கீழே ஒரு சாண் இறக்கி, குழாய்களில் காற்றை ஊதி, உறையாத திரவம் ஊற்றி, அடைப்பான் போட்டு, மேலே விரிப்பை இழுத்துக் கட்டினால் குளிர்காலத்துக்குப் போதும். ரேயாலுக்குப் போதாது. அடித்தரையைக் கையால் தேய்க்காமல் மூடினால் அவருக்குத் தூக்கம் வராது. செப்டம்பர் முழுக்க மழை, களிமண் ஊறிக் கிடக்கிறது, காலித் தொட்டியை நிலத்தடி நீர் தூக்கிவிடும் என்று பக்கத்து வீட்டு ஈவோன் சொல்லிப் பார்த்தார். ரேயால் தண்ணீர் இறைக்கும் மோட்டாரை நிறுத்தவில்லை.

வழக்கமாக இப்படித் தூக்கினால் தொட்டி ஒரு சாண் எழும்பும், ஓரக்கல் பிளக்கும். இது கூரை விளிம்பு வரை போய் நின்றது. ஈவோன் ஏணி சாத்தினார். ரேயால் ஏணியில் ஒரு காலை ஊன்றியதும் குளம் இரண்டடி ஏறியது. காலை எடுத்ததும் இறங்கியது. அவருடைய எண்பத்தாறு கிலோதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்பது எல்லோருக்கும் விளங்கியது. செங்கல் அடுக்கலாம் என்றார் ஒருவர். கீறல் விழும் என்று ரேயால் மறுத்தார். தண்ணீர் விடலாம் என்றார் ஈவோன்.

"இப்பதான் தேய்ச்சு முடிச்சேன்."

"அப்ப அங்கயே கெட. நீயும் காய்ஞ்சுடுவே."

ரேயாலும் அவர் மனைவி உகெத்தும் பதினோரு வருடமாக நவம்பர் முதல் தேதி காரில் ஃப்ளோரிடா போவார்கள், ஏப்ரலில் திரும்புவார்கள். பெட்டிகள் வாசலுக்கு வந்துவிட்டன. அக்டோபர் முடியும்வரை உகெத் கயிற்றில் வாளி கட்டிப் பட்டாணி சூப் அனுப்பினார். பிறகு தனியாகப் புறப்பட்டார். சூப் வேலை ஈவோனுக்கு வந்தது. டிசம்பரில் பனி கொட்டியது. பனியை ரேயால் ஆட்சேபிக்கவில்லை; அது சுத்தமாக இருந்தது. பனி நிறைய நிறைய குளம் இறங்கி, பிப்ரவரி ஒன்பதாம் தேதி குழியில் சரியாக உட்கார்ந்தது. ரேயால் வெளியே வந்து சவரம் செய்துகொண்டார்.

அடுத்த அக்டோபரிலும் அவர் அடிவரை காலி செய்தார். இந்த முறை நாற்காலி, கம்பளி, ரேடியோ எடுத்துக்கொண்டு நின்றார். மூன்றாம் வருடம் வேலி இல்லை என்று நகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார். குளத்தின் சுவர் தரையிலிருந்து நாலடிக்கு மேல் இருந்தால் வேலி தேவையில்லை என்பது விதி. அளந்து பார்த்தார், சரி என்று எழுதிக்கொண்டு போனார். அதன்பின் எங்கள் தெருவில் ரேயால் ஏறிய பிறகுதான் காருக்குக் குளிர்கால டயர் மாட்டுவது என்றாயிற்று. உகெத் ஒவ்வொரு நவம்பரிலும் தனியாகப் போனார், ஒவ்வொரு ஏப்ரலிலும் வெயிலில் சிவந்து திரும்பினார். குளத்தில் அவர் ஒருநாளும் இறங்கியதில்லை. யாரும் கூப்பிட்டதுமில்லை.

ஆறாம் வருடம் நவம்பரில் உகெத் ஃப்ளோரிடாவில் தன் பெயரில் ஒரு வீடு பிடித்துவிட்டதாகவும், வரும் ஏப்ரலில் திரும்புவதாக இல்லை என்றும் கீழேயிருந்து அறிவித்தார். வாசலில் கார் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ரேயால் ரேடியோவை அணைத்தார். விளிம்பில் குனிந்து, ஏறி வரச் சொன்னார். இரண்டு பேர் எடைக்குக் குளம் குழியில் உட்கார்ந்துவிடும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்.

உகெத் கைப்பையைப் புல்லில் வைத்தார். ஏணியில் மூன்று படி ஏறி நின்றார்.

"ஆறு வருஷத்துல இப்பதான் கூப்பிடறே. என்னைக் கூப்பிடறியா, இல்ல என் எடையக் கூப்பிடறியா?"