கழுதைக் கூலி

கிட்ட வாருங்கள், என் தங்கங்களா. பின்னால் நிற்கிறவர்களும் நகர்ந்து உள்ளே உட்காருங்கள், எல்லாருக்கும் இடம் இருக்கிறது. இன்றைக்குச் சொல்லப்போவது ராஜா கதை இல்லை. செஞ்சி என்றாலே ராஜா, ராணி, குதிரை, பீரங்கி என்று கேட்டுக் கேட்டு உங்களுக்குக் காது புளித்துப் போயிருக்கும். அந்தக் கோட்டைக்குத் தண்ணீர் சுமந்த ஒருத்தியும் நாலு கழுதைகளும் வருகிற கதை இது. கேட்கும்போது கோபம் வந்தால் அடக்காதீர்கள், கண்ணுகளா. வரட்டும். வரவேண்டிய கோபம்தான்.

கேழ்வரகுக் கூழுக்கு வெங்காயத்தைக் கடித்துக்கொண்டிருந்த பூவாயியின் கை பாதியிலேயே நின்றுவிட்டது. மலையடிவாரத்துப் புளியமர நிழலில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாக்கண்ணு ஒன்றும் பெரிதாகச் சொல்லிவிடவில்லை. சும்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னதுதான்.

"எனக்கு இன்னாத்துக்குக் கூலி குடுக்கறாரு மேஸ்திரி? என் கழுதைக்குக் குடுக்கறாரு. ஒண்ணுக்கு ஒண்ணே முக்கா. நான் சும்மா கூட நடக்கறவதானே."

"இன்னாக்கா சொன்ன?"

"ஒண்ணே முக்கா ரூபா. பல்லைப் புடிச்சுப் பாத்துதான் பேசினாரு. அதோ நிக்குதே கெழடு, அதுக்கு மட்டும் நாலணா கம்மி."

"எங்களுக்கு ஒரு ரூபாதான்க்கா."

அம்மாக்கண்ணு வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள். "உன் பல்லைப் பாக்கலியேடி அவரு" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மாக்கண்ணு சிரித்து முடித்துத் தூக்குச்சட்டியைக் கழுவப் போய்விட்டாள். பூவாயியின் சிரிப்பு மட்டும் போகிற வழி தெரியாமல் நெஞ்சுக்குழியில் நின்று, மெல்ல மெல்லக் காந்த ஆரம்பித்தது.

அறுபத்து நாலோ அறுபத்தைந்தோ, அரிசிக்கு ஜனங்கள் ஆலாய்ப் பறந்த ஒரு கோடை அது. செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலைமேல் இருக்கிற பழைய களஞ்சியத்தின் தளம் ஒழுகுகிறது என்று மராமத்து வேலை எடுத்திருந்தார் ஒரு காண்டிராக்டர். அவர் முகத்தை யாரும் பார்த்ததில்லை. ஆள் சேர்ப்பதும் அதட்டுவதும் கூலி கொடுப்பதும் மேஸ்திரி தனசேகரன்தான். மேலே இருந்த சுனை வறண்டு பாசி உரிந்து கிடந்ததால், சுண்ணாம்பு, மணல், தண்ணீர் எல்லாமே கீழேயிருந்து போகவேண்டும். அம்மாக்கண்ணுவின் கழுதைகள் முதல் வாசல்வரை கொண்டுபோய் இறக்கும். அதற்குமேல் படி செங்குத்து. எத்தனை அடித்தாலும் கழுதை ஏறாது. அங்கிருந்து உச்சிவரைக்கும் ஏற்றுகிறவர்கள் சித்தாளுப் பெண்கள்.

கழுதை ஏற மறுக்கிற இடத்தில் தொடங்குகிறது பெண்ணின் வேலை. அந்த வேலைக்குக் கழுதையைவிடக் குறைந்த கூலி.

பூவாயி அன்று சாயங்காலம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு படி இறங்கினாள். அவளுக்குத் தெரியாத வேலை கிடையாது. பனமலை ஏரித் தண்ணீர் பாய்கிற கழனியில் நடவு நட்டால் நெல்லாக அளந்து போடுவார்கள். மரக்காலைக் குவித்து அளக்கிறதும் தலைதட்டி அளக்கிறதும் பண்ணைக்காரர் மனசு. பஜாரைத் தாண்டி இருக்கிற மல்லாட்டை மில்லில் உட்கார்ந்து வேர்க்கடலைப் பருப்பில் கல் பொறுக்கினால் மூட்டைக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள். தார் ரோடு போட ஜல்லி உடைத்தால் பெட்டிக் கணக்கு. அவளுடைய தம்பி நெய்வேலிக்குப் போனான். அவனும் மண்தான் சுமக்கிறான். ஆனால் அவனுக்கு மாசம் பிறந்தால் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு, காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி. பொங்கலுக்கு வந்தபோது காலில் பூட்ஸ் போட்டிருந்தான். அக்காவும் தம்பியும் ஒரே வயிற்றில் பிறந்து ஒரே கூடையில் மண் சுமந்து வளர்ந்தவர்கள். இங்கே சுமந்த மண்ணுக்கு ஒரு விலை, அங்கே சுமந்த மண்ணுக்கு ஒரு விலை. அதே கை, அதே இடுப்பு, அதே வெயில். வேலைக்கு வேலை, வாசலுக்கு வாசல் அவளுடைய ஒரு நாளை வேறு வேறு விலைக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். யார் போடுகிறது என்று கேட்டால் மட்டும் யாருக்கும் தெரியாது. இங்கே இதுதான் ரேட்டு என்பார்கள், மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரி.

அதிலெல்லாம் அவளுக்கு இத்தனை எரிச்சல் வந்ததில்லை. கொத்தனார் லூர்துநாதனுக்கு நாலு ரூபாய் என்றால் அவர் கையில் தொழில் இருக்கிறது. அவள் புருஷன் ராஜாராம் பெரியாள், சுண்ணாம்பு கலக்குகிறவன். அவனுக்கு இரண்டு ரூபாய் என்றால் ஆம்பளை என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு ஒரு சாக்கு இருக்கிறது. கழுதைக்கு என்ன சாக்கு?

அடுத்த வியாழக்கிழமை கழுதைகள் வரவில்லை. அனந்தபுரத்தில் ஒருவர் ரைஸ் மில் கட்டுகிறாராம், செங்கல் சுமக்கக் கழுதைக்கு அரை ரூபாய் கூடத் தருகிறாராம். அம்மாக்கண்ணு விடியற்காலையிலேயே ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். மேஸ்திரி அதற்காக யாரையும் திட்டவில்லை. "கூட குடுக்கற எடத்துக்குப் போவத்தானே செய்யும்" என்றார். பூவாயி அதைக் காதில் வாங்கிக்கொண்டாள். போன மாசம், கூடச் சுமக்கிற மீனம்பாள் இரண்டு நாள் மல்லாட்டை மில்லுக்குப் போய்விட்டு வந்தபோது, 'நன்றி கெட்டதுங்க' என்று இதே வாய்தான் சொன்னது.

"சரி சரி, அடிவாரத்துலேர்ந்தே தூக்குங்க" என்றார் தனசேகரன். "குளத்துல மொண்டு நேரா மேல. தளம் நேத்து பூசினது. தண்ணி காட்டலன்னா வெடிச்சுடும்."

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பூவாயி சும்மாட்டைத் தலையிலிருந்து எடுத்து உதறி, குடத்தைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்தாள்.

"இன்னாம்மா ஒக்காந்துட்ட?"

"கழுதை வேலையும் நாங்கதான் செய்யணுமா மேஸ்திரி?"

"செஞ்சா இன்னா, கொறைஞ்சா பூடுவ?"

"செய்யறோம். கழுதைக் கூலியக் குடுங்க."

மணல் சலித்துக்கொண்டிருந்த ஆண்கள் சல்லடையை நிறுத்தினார்கள். யாரோ ஒருவன் கழுதை மாதிரி கத்திக் காட்டினான். சிரிப்பு எழுந்தது. ராஜாராம் சிரிக்கவில்லை. குனிந்து சுண்ணாம்பைக் கிளறிக்கொண்டே இருந்தான்.

"ஏ பூவாயி, வெயில்ல மூளை கலங்கிப்போச்சா? கழுதைக்குத் தீனி போடணும், அதான் அந்தக் கூலி."

"அது குப்பைமேட்டுல மேஞ்சிக்குது. நான் மேய முடியாதே."

"அது நாலு டின்னு தூக்குது. நீ தூக்குவியா?"

"மொத வாசல்ல அது நின்னுக்குது. அதுக்கு மேல அது தூக்கினத யாரு தூக்கினது?"

பதில் வராதபோது எல்லா மேஸ்திரிகளும் செய்கிறதைத் தனசேகரனும் செய்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வேலை வேணாம்னா போய்க்கினே இரு. ஊர்ல ஆளா இல்ல?" என்றார். ஆள் இருந்தது. அந்தப் பஞ்சத்தில் ஒரு ரூபாய்க்கு வர ஊரே இருந்தது. பூவாயிக்கு அது தெரியும். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. அவள் பக்கத்தில் மீனம்பாள் தன் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு வள்ளியம்மாள். பிறகு மற்றவர்கள்.

வெயில் ஏறியது. கொத்தனார் லூர்துநாதன் மேலேயிருந்து இரண்டு தடவை குரல் கொடுத்துப் பார்த்துவிட்டு, மூச்சிரைக்க இறங்கியே வந்துவிட்டார். கழுத்துச் சிலுவை வேர்வையில் ஒட்டியிருந்தது.

"இன்னாம்மா இது, தளம் காயுது. என் வேலையக் கெடுக்கறீங்களே."

"ஒங்க வேலையில எங்களுக்கு வஞ்சனை இல்ல கொத்தனாரே. எங்களுக்காக ஒரு வார்த்தை மேஸ்திரியண்ட சொல்லுங்க."

லூர்துநாதன் கையிலிருந்த கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல மனுஷன்தான். கோயில் திருவிழாவுக்கு வேலைக்காரர்கள் எல்லாரையும் கூப்பிட்டுச் சோறு போடுகிறவர். அந்த ஒரு வார்த்தை மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை. "தளம் வெடிச்சுதுன்னா திரும்பப் பூசணும், அவ்ளோதான் சொல்லுவேன்" என்று மேஸ்திரியைப் பார்த்துச் சொல்லிவிட்டு மறுபடி ஏறிப்போய்விட்டார். அவர் தளத்துக்காகத்தான் பேசினார். ஆனால் அது போதுமாக இருந்தது. திரும்பப் பூசுகிற செலவு மேஸ்திரியின் கண்ணில் தெரிந்தது.

"எழுந்திருங்க. கழுதைக் கூலியே தரேன். சனிக்கிழமை வாங்கிக்குங்க" என்றார்.

மூன்று நாள் சுமந்தார்கள். குளத்திலிருந்து உச்சிக்கு. பாறை காலைச் சுட்டது. கழுத்து நரம்பு முறுக்கேறி, இரவில் தலையைத் திருப்ப முடியவில்லை. வழியில் போகிறவன் வருகிறவனெல்லாம் 'ஹை, ஹை' என்று ஓட்டிக் காட்டினான். முதல் வாசலுக்கு வந்ததும் ஒவ்வொரு தடவையும் பூவாயி ஒரு கணம் நின்று, கழுதைகள் நிற்கிற இடத்தைப் பார்த்துவிட்டு ஏறுவாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் அடுப்பு மூட்டும்போது ராஜாராம் வாயைத் திறந்தான்.

"டீக்கடையில சிரிக்கறாங்க. கழுதைப் புருஷன்றான் ஒருத்தன்."

"சிரிக்கட்டும்."

"நீ கழுதைன்னா நான் யாரு?"

பூவாயி ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "ரெண்டு ரூபா வாங்கறவன். ஒன்னைய எவனாவது பல்லைப் புடிச்சுப் பாத்தானா? ஒன் பக்கத்துலதானேய்யா நானும் சுமக்கறேன். ஒரு நாளாவது, இவளுக்கு ஏன் பாதின்னு கேட்டியா? கழுதைக் கூலியக்கூட ஒன்னைக் கேக்கல, மேஸ்திரியத்தான் கேட்டேன். அதுக்கே ஒனக்கு மானம் போவுதா?"

அவன் எழுந்துபோய் வாசலில் நின்றான். வெகுநேரம் உள்ளே வரவில்லை.

சனிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் புளியமரத்தடியில் கூலி. அம்மாக்கண்ணுவும் முந்தின நாள்களின் பாக்கியை வாங்கக் கழுதைகளோடு வந்திருந்தாள். அனந்தபுரத்து வேலை முடிந்துவிட்டதாம். மரத்துக்கு இந்தப் பக்கம் ஆண்கள், நடுவில் பெண்கள், சாணி கிடக்கிற அந்தக் கோடியில் கழுதைகள். எப்போதும் அப்படித்தான் நிற்பது. ஆண்களுக்குக் கொடுத்து முடித்து, பூவாயியைக் கூப்பிட்டு, மேஸ்திரி அவள் கையில் நாளொன்றுக்கு ஒரு ரூபாயாக வைத்தார்.

"மூணு நாளைக்குக் கழுதைக் கூலி சொன்னீங்களே மேஸ்திரி."

தனசேகரன் காத்துக்கொண்டிருந்தவர் மாதிரி சிரித்தார். கூட்டத்துக்குக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார். "ஆமா சொன்னேன். இல்லன்னு சொல்லல. ஆனா சித்தாளுக்கு அந்த ரேட்டு கணக்குல கெடையாது. கழுதைக்குத்தான் இருக்குது. அதோ, கழுதைங்க நிக்குதே, அங்க போய் கயித்தப் புடிச்சிக்கினு நில்லு. கழுதைன்னு கூப்புடறேன், வந்து வாங்கிக்க. யாரு யாரு வரீங்க?"

ஆண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெண்கள் தலை குனிந்தார்கள். மேஸ்திரி பையின் வாயை மூடப் போனார். வெட்கப்படுவார்கள், போய்விடுவார்கள் என்பது அவர் கணக்கு. இத்தனை நாள் அந்தக் கணக்குத் தப்பியதே இல்லை.

பூவாயி புருஷனைப் பார்த்தாள். ராஜாராம் மடித்த ரூபாயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் சிரிக்கவும் இல்லை, நகரவும் இல்லை. அவள் கையிலிருந்ததை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகினாள். பிறகு நடந்தாள். நேராக, சாணியை மிதித்துக்கொண்டு, கழுதைகளுக்கு நடுவில் போய்த் திரும்பி நின்றாள்.

"கூப்புடுங்க மேஸ்திரி."

அம்மாக்கண்ணு அவளை மேலும் கீழும் பார்த்தாள். கிழட்டுக் கழுதையின் கயிற்றை இழுத்து ஒதுக்கி இடம் விட்டாள். "தள்ளி நில்லுடி, அது ஒதைக்கும்" என்றாள். அப்புறம் பெண்கள் பக்கம் திரும்பி, "மத்தவளுங்க இன்னாத்துக்கு அங்க நிக்கறீங்க? எடம் இருக்குது, வாங்க" என்றாள்.

மீனம்பாள் வந்தாள். வள்ளியம்மாள் வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒவ்வொருத்தியாக வந்து கழுதையும் பெண்ணுமாக வரிசையில் நின்றார்கள். சிரித்துக்கொண்டிருந்தவர்களில் முதலில் ஒருவன் நிறுத்தினான், பிறகு எல்லாரும் நிறுத்தினார்கள். ஊர் கேட்கச் சொன்ன சொல் மேஸ்திரியையே மடக்கிவிட்டது; அவர் கை பையின் வாயிலேயே நின்றது. காசை எடுக்கவும் இல்லை, பையை மூடவும் இல்லை. கழுதை ஒன்று தலையைத் திருப்பிப் பூவாயியின் தோளில் மூச்சு விட்டது. மலைக்கு மேலே, அவர்கள் ஊற்றிய தண்ணீர் காயாத தளம் கடைசி வெயிலில் வெள்ளையாக மின்னிக்கொண்டிருந்தது.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டு அடுப்பு ஒரு நாளும் ஆறாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் எந்த வேலைக்குப் போனாலும், யார் வரிசையிலும் போய் நிற்காமல், அவரவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு முழுக்கூலி கை நிறைய விழட்டும்.