பக்கம் புரட்டியவள்

...ஆக, இரண்டிலும் கிடைத்துவிட்டது, மேடை வாசிப்புப் பட்டத்திலும் இடம், இசை ஆசிரியர் பட்டத்திலும் இடம், மதியத்துக்குள் ஒன்றைச் சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் இரண்டும் போகும். கல்லூரி அலுவலகச் சன்னலுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்தில் மச்சான், செத்துப்போன என் மனைவியின் தம்பி, என்னைத் தனியாக விடக்கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், கழிவறை வாசல்வரை வருகிறான். அம்மா காலையிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "வாத்தியார் வேலைக்கே படிடா. நாலு பிள்ளைங்க சத்தம் காதுல விழுந்தாலாவது மனுஷனாவே." மனுஷனாகி... எதற்கு? வாசிக்கிறவனுக்குப் பியானோ போதும், சொல்லித்தருகிறவனுக்கு ஆசை வேண்டும், ஒரு குழந்தை தப்பாக வாசித்தால் எரிச்சலாவது வரவேண்டும், எனக்குப் பசியே வருவதில்லை. "மாமா, டீ?" வேண்டாம். "நேத்தும் வேண்டாம்னீங்க." நேற்றும் வேண்டாம்தான். "சரி, கடைக்காரன் பொழைச்சான்." சிரித்துப் பார்க்கிறான், பாவம், அவனுக்கும் அக்கா போய்விட்டாள், அவனை யாரும் விசாரிப்பதில்லை.

மேடை என்றால்... நுழைவுத் தேர்வில் என்ன நடந்தது? மனப்பாடமாகத்தான் வாசித்தேன், எதிரே இசைத்தாளே இல்லை, ஆனாலும் பக்கம் முடிகிற இடத்தில் தலை தானாக அசைந்தது, புரட்டு என்று, பக்கத்தில் உட்கார்ந்து தாள் புரட்டித்தரும் என் மனைவிக்குக் காட்டும் சைகை, காட்டிவிட்டுக் காத்திருந்தேன், விரல்கள் கட்டைகளின் மேலேயே நின்றன, இடப்பக்கம் யாரும் எழவில்லை... நடுவர்கள் அதை உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்தாராம். முதலிடம் கொடுத்தார்கள், அந்த ஓட்டைக்கு. இனி ஒவ்வொரு மேடையிலும், ஒவ்வொரு பக்க முடிவிலும் அதில் விழுவேனா, அதற்கும் கைதட்டுவார்களா? அவளுக்கு இசை தெரியாது. "புள்ளி மேல போகுது, கீழ வருது, நான் மேடு பள்ளம் பாத்துப் புரட்டுறேன், நீ குழியில விழாம வாசி" என்பாள். எழுந்து, இடது கையை நீட்டி, தாளின் மேல்முனையைப் பிடித்து, நிழல் விழாமல், சத்தம் வராமல்... ஒருமுறைகூடப் பிந்தியதில்லை, கண்ணைத் தாளிலிருந்து எடுத்ததே இல்லை.

சன்னல் திறக்கிறது, எழுத்தர் அம்மாள் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே எட்டிப்பார்க்கிறார். "எதுன்னு சொல்லிட்டீங்கன்னா பதிஞ்சிட்டுக் கெளம்பிடுவேன் தம்பி." எழுகிறேன், கால்கள் போகின்றன. மச்சான் பின்னாலேயே வந்து காதோரம், "மேடைன்னு சொல்லுங்க மாமா. அத்தை கெடக்காங்க. அக்காவுக்கு உங்க வாசிப்புன்னா உயிர்." ஆமாம், அவளுக்காக, அது ஒன்றுதானே மிச்சம், அதைப் பிடித்துக்கொண்டுதானே இந்த மாதங்களை ஓட்டினேன், வாயைத் திறக்கிறேன்... கண்ணெடுக்காமல் புள்ளிகளைத் துரத்திக்கொண்டிருந்தவள், எப்போது எழவேண்டுமோ என்று உடம்பை இறுக்கி உட்கார்ந்திருந்தவள், கேட்டாளா?

"டேய், உங்கக்கா எப்பவாவது எதிர்ல உக்காந்து, சும்மா, நான் வாசிக்கிறதக் கேட்டிருக்காளா?"

அவன் யோசிக்கிறான். எழுத்தர் அம்மாள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறார். அவன் இன்னும் யோசிக்கிறான்.