கொளஞ்சியின் முகம்

கொளஞ்சியின் முகத்துக்கு இருபது ரூபாய்தான் விலை. அந்தப் பணத்துக்கு ஜெயங்கொண்டம் ஸ்டுடியோவில் போட்டோவை மூன்று காப்பி போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒன்று சொசைட்டி கடனுக்குப் போனது. ஒன்றைப் போலீஸ் எடுத்துப் போனது. மிச்சமிருந்ததைக் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கென்று தம்பி மணிவேல் பெட்டியிலிருந்து எடுத்தான். புருஷனின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்த புஷ்பவல்லி எழுந்து வந்து அதைப் பிடுங்கினாள்.

"இது வேணாம். வெறும் பேரைப் போட்டு அடி."

மணிவேல் பேரை மட்டும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு கிளம்பினான்.

தொண்ணூற்றெட்டில், கரண்ட் போயிருந்த ஒரு சாயங்காலம், முந்திரி மண்டிக்காரர் ஒருவரைக் குத்திக் கொன்றுவிட்டு எவனோ ஓடினான். எதிரே சைக்கிள் கடை வைத்திருந்த அமிர்தலிங்கம் பார்த்தார். அந்த மண்டியில் மூட்டை தூக்கிய கொளஞ்சிக்கு முதலாளியோடு கூலித் தகராறு இருந்தது. போலீஸ் அவனைப் பிடித்தது. ஜெயிலில் அடையாள அணிவகுப்பென்று மாஜிஸ்திரேட் முன்னால் ஒன்பது பேரை நிறுத்த, அமிர்தலிங்கம் தடுமாறாமல் கொளஞ்சியின் தோளைத் தொட்டார். நாலு கொட்டையை உடைத்துப் பார்க்காமல் முந்திரிக்கு விலை சொல்லாத ஊர், ஒரு மனுஷனை மட்டும் மேல்தோலைப் பார்த்தே எடை போட்டு உள்ளே அனுப்பியது.

நாலு வருஷம் பத்து மாசம் கழித்து ஹைகோர்ட் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து அவனை விடுதலை செய்தது. ஊர் அதில் பலனை விட்டுவிட்டுச் சந்தேகத்தை மட்டும் வைத்துக்கொண்டது. யாரும் அவனை மூட்டைக்குக் கூப்பிடவில்லை. எப்படித்தான் அடையாளம் காட்டினீர்கள் என்று கேட்க புஷ்பவல்லி மூன்று முறை போனாள். மூன்று முறையும் அமிர்தலிங்கம் ஷட்டரை இறக்கினார். ஜெயிலில் பிடித்த நெஞ்சுச்சளி இரண்டு வருஷம் இழுத்து, இன்று காலை கொளஞ்சியை முடித்தது.

நாலரை மணிக்கு மாலையோடு வந்தார் அமிர்தலிங்கம். துக்கம் கேட்க வருகிறவர்களுக்குக் கை கொடுக்க வாசலில் ஆண்கள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொரு கையாகத் தொட்டு வந்தவர், லாரி டிரைவர் வேம்புவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"மணிவேலு, ஒங்கண்ணன் இப்படிப் போவான்னு நெனைக்கலப்பா."

கேஸ் நடந்த காலமெல்லாம் கோர்ட் வாசலில் அவருக்கு எதிரே நின்ற மணிவேல், அடுத்த ஆளாக நின்றிருந்தான். யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

"அது வேம்புங்க," என்றாள் புஷ்பவல்லி. "மணிவேலு பக்கத்துல நிக்கறான்."

"கண்ணு செத்த மங்கலும்மா."

"எப்பலேர்ந்துங்க?"

மேளக்காரர்கள் தாமாகவே நிறுத்தினார்கள். அமிர்தலிங்கம் மாலையைக் கை மாற்றிப் பிடித்தார்.

"அன்னைக்கி ஓடுனவன் முதுகைத்தாம்மா பாத்தேன். ஸ்டேஷன்ல போட்டோவ மூணு நாளு காட்டுனாங்க. இவந்தான், நல்லாப் பாத்துக்கன்னாங்க."

"காட்டுனாங்களான்னு எங்க வக்கீல் கேட்டாரே?"

"இல்லன்னு சொல்லச் சொன்னாங்க."

"கடைசில நிக்கறவங்களுக்குக் கேக்கல. இன்னொருக்கா சொல்லுங்க."

அவர் சொன்னார். தெருமுனை வரை கேட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மாலையைப் போட்டுவிட்டுத் திரும்பப் போனவரை அவள் விடவில்லை. கொளஞ்சியின் தலைமாட்டில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். முகத்தின் மேலிருந்த துணியைக் கழுத்து வரை இறக்கினாள்.

"உக்காந்து பாருங்க."

பாடை தூக்க வந்த நாலு பேரும் வேப்பமரத்தடிக்குப் போய்க் குந்தினார்கள். பொழுது சாய்வதற்குள் எடுத்தால் போதும்; அதற்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.