நாலு காலும் தரையில

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் கரீம் பாய் இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளை ஜிப்பாவோடு தொழுகைக்குக் கிளம்பி வாசலில் கால் வைத்ததும் மாடி வீட்டு நாய்க்குட்டி ரஸ்க் அவர் மேல் பாய்ந்தது. முன்னங்கால் இரண்டையும் அவர் தொடையில் ஊன்றிக் கையை நக்கி, வாலை ஆட்டு ஆட்டென்று ஆட்டியது. நாலு மாதக் குட்டிக்கு அது பாசம். பாய்க்கோ நாயின் எச்சில் பட்ட துணியோடு தொழ முடியாதென்று திரும்ப உள்ளே போய்க் கழுவி, வேறு துணி மாற்றிக்கொண்டு ஓட வேண்டிய வேலை. அவர் பள்ளிவாசல் போய்ச் சேர்ந்தபோது ஜும்ஆ தொழுகை முடிந்து ஆட்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

சாயந்திரம் மாடிப்படியின் கீழே நின்று கூப்பிட்டார். அவர்தான் வீட்டுக்காரர். கீழே அவரும் அவர் மனைவி குல்ஷனும். மாடியில் வாடகைக்குப் பியூலாவின் குடும்பம்.

"ஜெபராஜு, நாயே வேணாம்னு நான் சொல்லல. பொண்ணு ஆசையா வளக்குது, வளக்கட்டும். ஆனா எம்மேல பாயக்கூடாது. அடுத்த வெள்ளிக்கிழமையும் பாஞ்சுதுன்னா நீ வேற வூடு பாத்துக்கோ."

"நீங்க பேஜார் ஆவாதீங்க பாய்," என்றார் பியூலாவின் அப்பா. "இன்னொரு வாட்டி பாஞ்சுதுன்னா கோணில கட்டி எடுத்துனு போயி கோவளத்துல வுட்டுடறேன். மீன் விக்கிற எடம். பொழச்சுக்கும்."

பியூலா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பதினைந்து வயதில் அப்பாவைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. கத்தினால் மறந்துவிடுவார். இப்படி அமைதியாகச் சொன்னால் செய்துவிடுவார்.

அவருக்கு ரஸ்க் மேல் பழைய கோபம் ஒன்று இருந்தது. அவர் சிறுசேரிக்கு ஆபீஸ் ஆட்களை ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறார். கம்பெனி கொடுத்த கறுப்பு ஷூவை ரஸ்க் ஒரே ராத்திரியில் கடித்துக் குதறிவிட்டது. மறுநாள் ரப்பர் செருப்போடு போனவரை சூப்பர்வைசர் எல்லா டிரைவர்களுக்கும் முன்னால் நிற்க வைத்தான். வீட்டுக்கு வந்ததும் அந்தச் செருப்பைக் கழற்றியே ரஸ்க்கை அடித்தார்.

செருப்பைக் கடிக்க அதற்குக் கற்றுக்கொடுத்தது யார்? அதே அப்பாதான். "பிஞ்சத ஒண்ணு குடுத்துட்டா நல்லத தொடாது" என்று தன் பழைய செருப்பை அதன் முன்னால் போட்டார். எது பிய்ந்தது, எது நல்லது என்று அதற்கென்ன தெரியும்? இரண்டிலும் ஒரே கால் வாசனை. விளையாடக் கொடுத்ததும் செருப்பு, கடித்ததும் செருப்பு, அடி வாங்கியதும் செருப்பு. அதை நினைக்கும்போதெல்லாம் பியூலாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். வாய் மட்டும் திறக்காது.

மாடல் எக்ஸாமுக்குப் படிக்க விட்டிருந்த லீவில் அவள் படித்ததெல்லாம் ரஸ்க்கைத்தான். அதற்கு ஊசி போட்ட இடத்தில் கம்பவுண்டர் சொன்னதை அப்படியே செய்தாள். எம்பினால் பேசக்கூடாது, தொடக்கூடாது, முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ள வேண்டும். நாலு காலும் தரையில் இருந்தால்தான் பிஸ்கட். "கீழ!" என்று ஒரே ஒரு வார்த்தை. பல் ஊறினால் கடிக்க, ஈரத்துணியை முடிச்சுப் போட்டு ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தாள். செருப்பையெல்லாம் பீரோ மேல் ஏற்றினாள்.

"செருப்பு இருக்கிற எடத்த பாரு, மாதா படத்துக்குப் பக்கத்துல," என்று அம்மா செல்வமேரி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் ரஸ்க் எம்பினால் அம்மாவும் முதுகைக் காட்டினாள்.

நாலே நாளில் ரஸ்க் அடங்கியது. பால்காரர் வந்தால் உட்கார்ந்து வாலை மட்டும் ஆட்டியது. வியாழக்கிழமை காலையில் பியூலாவுக்கு முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது.

அப்போதுதான் கரீம் பாய் கேம்ப் ரோட்டில் இருக்கும் தன் ஹார்டுவேர் கடையைத் திறக்க, சாவிக்கொத்தோடு வெளியே வந்தார். ரஸ்க் நாலு நாள் பாடத்தையும் காற்றில் விட்டுவிட்டு நேராக அவர் மேல் பாய்ந்தது.

அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பேண்ட்டைப் பார்த்தார். "நாளைக்கு வெள்ளிக்கிழம, பாப்பா," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தார்.

பியூலா எதை எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ரஸ்க் கீச்சென்று கத்தியபோது கையில் அவளுடைய செருப்பு இருந்தது. ஒன்றல்ல, மூன்று அடி. படிக்குக் கீழே போய்ச் சுருண்டுகொண்டது. அங்கே ஒரு கோணிப்பை மடித்துக் கிடந்தது. அப்பா நேற்றே எடுத்து வைத்திருந்தார். அதன் மேல்தான் ரஸ்க் படுத்தது.

மத்தியானம் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனாள். கீழே பக்கத்துச் சந்தில் யாரோ கிசுகிசுப்பது கேட்டது. எட்டிப் பார்த்தாள்.

குல்ஷன் ஆன்ட்டி சமையலறைப் பின்கதவில் நின்றுகொண்டிருந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியிருந்தாள். ஒரு கை தலைக்கு மேலே. அதில் ஓர் எலும்பு.

"வா வா வா... எம்பு! மேல படாம எம்பு! ஆங், அப்பிடித்தான் ராஜா!"

ரஸ்க் எம்பியது. எலும்பு விழுந்தது.

பியூலா படிகளை எப்படி இறங்கினாள் என்று தெரியாது.

"ஆன்ட்டி!"

"அய்யோ அல்லா, நீயா?" குல்ஷன் நெஞ்சில் கை வைத்தாள். "மெதுவா பேசும்மா. அவரு சாப்பிட வந்திருக்காரு, உள்ள படுத்துகினு கீறாரு."

"எத்தினி நாளா போடறீங்க?"

"குட்டியா வந்ததுலேர்ந்து. பாவம், மூஞ்சியவே பாத்துகினு நிக்கிதுல்ல? அதோட வாயி மேல பட்டா நான் தொழுவுறதுக்குள்ள எல்லாத்தயும் மாத்தணும். அதான் எட்ட நின்னு தூக்கித் தூக்கி..."

"அதான் அது குதிக்குது!" பியூலாவின் குரல் உடைந்தது. "உங்க வாசன அங்கிள் மேல அடிக்குது, அவரும் எலும்பு போடுவாருன்னு குதிக்குது. நாலு நாளா நான் கீழ கீழன்னு தொண்ட கிழிய கத்தறேன். நீங்க தெனம் மத்தியானம் எம்பு எம்புன்னு கத்துக்குடுத்துகினு கீறீங்க. காலைல அத செருப்பால அடிச்சேன் ஆன்ட்டி. நான்! எங்கப்பா மாதிரி!"

"அவரு கிட்ட சொல்லிடாத பாப்பா. நாய்க்கு எதனா போடறியான்னு அன்னிக்கே கேட்டாரு. இல்லன்னு சத்தியம் பண்ற மாதிரி சொல்லிட்டேன். பொய்யின்னு தெரிஞ்சா..."

"திட்டுவாருன்னு உங்களுக்கு பயம். எனக்கு இன்னா பயம் தெரியுமா? படிக்கு கீழ போயி பாருங்க. அத கட்டி எடுத்துனு போறதுக்கு கோணி வச்சிருக்காரு. லூசு நாயி, அது மேலயே தூங்குது."

குல்ஷன் கதவை மெல்லச் சாத்திக்கொண்டாள். சாத்திய கதவை எட்டி உதைக்கலாம் போலிருந்தது பியூலாவுக்கு.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கே ரஸ்க்கைக் கொடிக்கயிற்றால் படிக்கம்பியில் கட்டிவிட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கயிறு என்றால் அதற்குக் கரும்பு மாதிரி. ஏற்கனவே மூன்றைக் கடித்துத் துண்டாக்கியிருந்தது. கீழ்வீட்டுக் கதவு திறந்து அத்தர் வாசனை வந்தபோது கயிறு அறுந்து நுனி மட்டும் அவள் கையில் இருந்தது.

"ரஸ்க், கீழ! கீழ!"

ஓடியது. கரீம் பாய் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டினார்.

சந்துப் பக்கம் தட்டு ஒன்று தரையில் ணங்கென்று விழுந்தது.

"ரஸ்க்! இங்க வாடா!"

ஓடிய கால்கள் சறுக்கித் திரும்பின. சந்து முனையில் குல்ஷன் குந்தி உட்கார்ந்திருந்தாள். எலும்புத் தட்டு தரையில் இருந்தது. ரஸ்க் பழக்க தோஷத்தில் அவள் மேலேயே பாய்ந்து, தோளில் கால் வைத்துக் கன்னத்தை நக்கியது. குல்ஷன் கையைத் தூக்கவில்லை. கண்ணை இறுக்கி மூடி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அது இறங்கியது. தட்டில் வாயை வைத்தது.

கரீம் பாய் தன் ஜிப்பாவைப் பார்த்தார். ஒரு துளி அழுக்கில்லை. மனைவியைப் பார்த்தார்.

"உன் கொரல் அதுக்கு எப்பிடித் தெரியும்?"

"நாந்தான் தெனம் எலும்பு போட்டேன். தூக்கித் தூக்கிப் போட்டு குதிக்க வச்சதும் நாந்தான். நீங்க கேட்டப்ப இல்லன்னு சொன்னது பொய்யி."

அவர் முகம் சிவந்தது. என்னவோ சொல்ல வாயெடுத்து, மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தார். "வந்து பேசிக்கிறேன்," என்றார். கேட் வரை போய்த் திரும்பி, "மொதல்ல பொடவய மாத்து," என்றார்.

அன்று ராத்திரி வேலை முடிந்து வந்த அப்பா என்ன நடந்தது என்று கேட்காமலேயே கோணியைக் கையில் எடுத்ததும் கரீம் பாய் வெளியே வந்தார். அவர் காத்துக்கொண்டிருந்த மாதிரிதான் இருந்தது.

"அத கீழ வையி ஜெபராஜு. நாய கோவளத்துல வுடறதா இருந்தா எம் பொண்டாட்டியையும் இல்ல கூட வுடணும்?"

"இன்னா பாய் சொல்றீங்க?"

"இன்னாவோ சொல்றேன். வையி."

அப்பா கோணியைப் போட்டார். இன்று ரஸ்க் பாய் மேல் பாயவில்லை என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது. மாடி ஏறும்போது பியூலாவின் தலையில் தட்டினார்.

"பாத்தியா? செருப்பால ரெண்டு போட்டா தானா அடங்கும்னு நான் அன்னிக்கே சொன்னேன்ல?"

இல்லை என்று கத்த வேண்டும் போலிருந்தது. பற்கள் கிட்டித்துக்கொண்டன. படிக்கட்டில் கிடந்த தன் செருப்பை பீரோ மேல் வைக்கலாமென்று குனிந்து எடுத்தாள்.

அதற்குள் கோணிமேல் போய்ப் படுத்திருந்த ரஸ்க் வயிற்றைத் தரையோடு தேய்த்து ஒடுங்கியது. காது இரண்டும் பின்னால் ஒட்டிக்கொண்டன. கோணி நனைந்து, ஈரம் சிமெண்டுத் தரையில் மெல்ல ஓடி வந்தது.

நாலு காலும் தரையில்தான் இருந்தன.