சிங்கப்பூர் தாய்மாமன்

கரும்பு டிராக்டர் ஓட்டும் பழனிக்கு ஒரு பெருமை உண்டு. மணலூர்பேட்டையில் டீக்கடை, சலூன் என்று எங்கே உட்கார்ந்தாலும் அதைச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார். "ஒம்பதாவது படிக்குது. இன்ன வரைக்கும் எம் பொண்ணு கையில போனக் குடுத்ததே இல்ல. கண்டவன்லாம் பேசறான், காலம் கெட்டுக் கெடக்குது."

அப்பேர்ப்பட்ட பழனி, மகள் எழில்மதியின் மஞ்சள் நீராட்டு விழாவுக்குத் தெருமுனையில் பிளெக்ஸ் வைத்தார். எதிர் வீட்டு அரங்கநாதன் தன் பெண்ணுக்கு வைத்ததைவிட உயரம். மகளின் படம், பெயர், பள்ளி, வகுப்பு, அடியில் தன் போன் நம்பர். "வேணாம்பா, ஸ்கூல்ல கிண்டல் பண்ணுவாங்க" என்று எழில் கெஞ்சியது எடுபடவில்லை. கெத்துக்காக 'தாய்மாமன் வீரமணி, சிங்கப்பூர்' என்றும் ஒரு வரி சேர்த்தார். வீரமணி ஆடு மேய்ப்பவர். கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினாலே அவருக்கு வாந்தி வரும். அந்தப் பிளெக்ஸைப் படமெடுத்து எல்லாரும் பார்க்கும்படி முகநூலிலும் போட்டார். லைக்குகள் குவிந்ததில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு ஞாயிறு மதியம் போன் வந்தது.

"அண்ணே, சிங்கப்பூர்ல வீரமணி அண்ணனும் நானும் ஒரே ரூம். லீவுல வந்திருக்கேன். எழில் பாப்பாவுக்கு வாட்ச், செயின் குடுத்தனுப்பியிருக்காரு. நாளைக்கு ஸ்கூல் விட்டதும் பஸ் ஸ்டாண்டு பக்கம் வரச் சொல்லுங்க, வெள்ளைக் கார்ல நிப்பேன். நீங்க வேலையக் கெடுத்துக்கிட்டு வர வேணாம், பாப்பா மட்டும் வந்தா போதும்."

ஊரெல்லாம் சிங்கப்பூர், சிங்கப்பூர் என்று சொல்லிச் சொல்லி, பழனி தான் விட்ட ரீலைத் தானே நம்பும் நிலைக்கு வந்திருந்தார். "அனுப்பறன் தம்பி! எழிலு, மாமா செயின் குடுத்தனுப்பிக்கீறாராம். நாளைக்கி நேரா பஸ் ஸ்டாண்டுக்குப் போயிடு!"

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி செவ்வந்தி, கூடத்தில் கோழிக்குழம்பில் மூழ்கியிருந்த தன் அண்ணனைப் பார்த்தாள்.

"ஏண்ணா, நீ சிங்கப்பூர்ல இன்னா பண்ணிக்கினு கீற?"

வீரமணி எலும்பைத் தட்டில் போட்டுவிட்டு, குழம்புக் கையோடு போனை வாங்கினார். "நான்தாம்பா வீரமணி பேசறன். நம்ம ரூம்ல இப்ப ஆட்டுக்குட்டிங்கள யாரு பாத்துக்கறாங்க?"

போன் கட்டாகிவிட்டது.

செவ்வந்தி சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள். பழனிக்கு அப்போதுதான் உறைத்தது. வெள்ளைக் கார், தனியாகத் தன் பெண். தானே அல்லவா அனுப்பி வைத்திருப்பார்! மனைவி பக்கம் திரும்பினார். "எப்படிடி அவனுக்கு எல்லாம் தெரிஞ்சுது? புள்ளகிட்ட போனே கெடையாதே!"

"எங்கிட்ட போன் இல்லப்பா" என்றாள் எழில். "ஆனா உன் போன்ல நான் இருக்கேனே. பேரு, ஸ்கூலு, கிளாஸு எல்லாத்தோடயும்."

பழனி போனை எடுத்தார். முகநூல் படத்தை அழித்தார். அந்த நம்பரைக் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டு வந்து, பிளெக்ஸை அவிழ்க்க ஏணி போட்டார். வீரமணி ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா பழனி, அதுக்குள்ள எடுத்துட்ட?" என்றார் அரங்கநாதன்.

"நான் சிங்கப்பூர்ல ஆடு மேய்க்கறது வெளிய தெரிஞ்சு போச்சுங்க" என்றார் வீரமணி.

பழனிக்குச் சிரிப்பு வரவில்லை. ஏணி மேலிருந்தே சொன்னார்: "புள்ள கையில போன் குடுக்காம இருந்தா மட்டும் போதாதுங்க. ஊரு பேரு தெரியாதவனுக்கு நாமளே புள்ளையோட வெலாசத்த எழுதிக் குடுக்கக் கூடாது. உங்க பொண்ணு பிளெக்ஸயும் அவுத்துடட்டுமா?"