ஆரஞ்சு ரிப்பன் கட்டிய கொடிகள்

அந்தச் சத்தம் கேட்டபோது நான் அடுத்த மேட்டில் பெலிசியே முதலாளியின் திராட்சைக் கொடிகளுக்குக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தேன். மண் தோண்டும் வண்டியின் சத்தம். எங்கோ நோய்க்கொடி பிடுங்குகிறார்கள் என்று இருந்துவிட்டேன். பிரான்ஸின் தெற்கே எங்கள் கொர்பியேர் சரிவுகளில் ஜனவரி என்றால் அது வழக்கம்தான். பிறகு காற்று திரும்பியது. சத்தம் என் குத்தகைத் துண்டிலிருந்து வந்தது.

கத்தரியோடு இறங்கி ஓடினேன். அறுபது தாண்டிய முழங்கால்களை வைத்துக்கொண்டு சேற்றில் ஓடுவதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. விழுந்து விழுந்து போனேன்.

அது பெரிய சொத்து இல்லை. சரளைப் பாதை ஓரம், கல்லுக்குள் வேர் விட்ட கிழட்டுக் கரினியான் திராட்சைக் கொடிகள். நானும் என் கணவர் அர்மிந்தோவும் போர்ச்சுக்கலிலிருந்து அறுவடைக்கு வந்து இங்கேயே தங்கிப்போனவர்கள். பகலெல்லாம் ஊரார் கொடி. மிச்சமிருக்கும் வெளிச்சத்தில் எங்கள் கொடி. கூட்டுறவுச் சங்கத்து எடைமேடையில் செப்டம்பரில் எங்கள் பெயரைக் கூப்பிடுகிறார்கள் என்றால் இந்தத் துண்டில் காய்க்கிற பழத்துக்காகத்தான். இது போனால் நாங்கள் வெறும் கூலிகள். நாற்பது வருடம் இங்கே இருந்தும் வெறும் கூலிகள்.

போய்ச் சேர்ந்தபோது ஒரு வரிசையில் பாதி மல்லாந்து கிடந்தது. வேரெல்லாம் வானத்தைப் பார்த்தபடி.

“கிலேம்! நிறுத்துடா! நிறுத்து!”

கிலேம் வண்டியை அணைத்துவிட்டு எட்டிப்பார்த்தான். சங்கத்துக்காக வேர் பிடுங்குகிறவன். சின்ன வயதிலிருந்தே தெரியும்.

“என்ன தெயோ, பேய் ஏதாச்சும் துரத்துதா?”

“யாரைக் கேட்டு என் கொடியில கை வச்ச?”

“ரிப்பனைக் கேட்டு.”

“வாயை ஒடைப்பேன்.”

“ஒடை. பல்லு ஏற்கெனவே ரெண்டு ஆடுது, செலவு மிச்சம். நான் என்ன பண்ணட்டும் சொல்லு? ரிப்பன் இருந்தா பிடுங்கு, இல்லைன்னா விடு, அவ்வளவுதான் எனக்குச் சொல்லியிருக்கு. இத்தனை இருக்கேன்னு எனக்கே மனசு கேக்கல. போன் போட்டேன், நீதான் எடுக்கல.”

“கவாத்து வெட்டுறவ போனைப் பல்லுல கடிச்சிக்கிட்டா இருப்பா?”

ஆகஸ்டில் இலை இருக்கும்போதே ஊர் முழுக்க வரிசை வரிசையாக நடந்து பூச்சி பரப்புகிற மஞ்சள் நோய் பார்ப்போம். இலை சுருண்டு, நிறம் மாறி, குச்சி ரப்பர் போலத் தொங்கினால் ஆரஞ்சு ரிப்பன் கட்டுவோம். தன் தோட்டத்தைத் தானே பார்க்கக் கூடாது, பக்கத்து ஊர்க்காரர்தான் பார்க்க வேண்டும். ஒளிக்கிற கை யாருக்கும் உண்டு என்பதால் அப்படி வைத்திருக்கிறோம். கட்டிய ரிப்பனை யாரும் தொடக் கூடாது. குளிர்காலத்தில் கொடியோடுதான் அது போகும். இலையில்லாத ஜனவரியில் நோய்க்கொடியும் நல்ல கொடியும் ஒரே கருப்புக் கட்டைதான். பிடுங்குகிறவனுக்கு ரிப்பன் ஒன்றுதான் கண்.

என் துண்டில் “சிலது இருக்கு” என்று செப்டம்பரில் சங்கத்தில் சொன்னார்கள். சிலது. இப்போது என் கண்முன்னே, பாதையிலிருந்து மேடு வரை நாலு வரிசையில் ஒன்றுவிட்டு ஒன்று ஆரஞ்சு ஆடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு தடம் விட்டு, இரண்டு பக்கமும், கல்யாண ஊர்வலத்துக்குக் கட்டியது போல.

“கிலேம், இதைப் பாரு. பூச்சி இப்படித் தெரு போட்டுக்கிட்டா போகும்?”

அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். “சைக்கிள்காரனுங்க,” என்றான் மெல்ல.

அக்டோபரில் நடந்தது அது. துலூஸ் நகரத்திலிருந்து வந்து ஊரில் பழைய பள்ளிக்கூடத்தை வாங்கி விடுதி நடத்துகிற லோயிக், சரளைப் பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கென்று ஒரு நாள் விழா வைத்தான். தடித்த டயர், இறுக்கமான சட்டை, கழுத்தில் கேமரா. சரளைப் பாதை எல்லோருக்கும் பொது, ஓட்டட்டும் என்று விட்டோம். அதன் பிறகு நானும் ரிப்பன்களைப் பார்த்தேன்தான். பிடுங்கும் முன் சங்கம் என்னைக் கேட்கும் என்று இருந்துவிட்டேன், தொடவில்லை. இந்த ஊரில் ரிப்பனைத் தொடுகிறவள் நான் இல்லை.

கிலேம் போன் போட்டான். லோயிக் சைக்கிளிலேயே வந்தான். சிரித்த முகம்.

“பொன்ஜூர் மதாம் தெயோலிந்தா! என்ன பிரச்சினை?”

இதுவரை அவனை நீங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு வாயில் வரவில்லை.

“என் வரிசைக்குள்ள சைக்கிள் விட்டது யாரு? நீயா?”

“அது... பாதையில அன்னிக்கு சேறு மதாம். விழுந்திருப்பாங்க. கொஞ்ச தூரம்தான், உங்க வரிசை வழியா சுத்தி விட்டோம். போட்டோவும் ரொம்ப அழகா வந்துச்சு, உங்களுக்கு அனுப்பணும்னு...”

“யாரைக் கேட்ட?”

“மேயர்கிட்ட சொல்லியிருந்தேன்.”

“அப்ப மேயரோட படுக்கையறை வழியா விட்டிருக்கணும். அங்க சேறு இருக்காது.”

கிலேம் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டான்.

“இந்த ரிப்பன் எங்க கெடைச்சுது?” என்று கேட்டேன்.

“சங்கத்துல குடுத்தாங்க. விழாவுக்கு அன்பளிப்பா. கிடங்குல மிச்சம் இருந்துச்சாம்.”

“ஒரே பெட்டி,” என்றான் கிலேம். “அட கழுதைங்களா. ஒரே பெட்டியிலேருந்து எடுத்துக் குடுத்திருக்கானுங்க.”

“கட்டினவன் ஏன் அவிழ்க்கல?” என்றேன்.

லோயிக் கையுறையைக் கழற்றினான், மறுபடி மாட்டினான். “கடைசியா வர்றவங்க அவிழ்த்துக்கிட்டே வரணும்னு ஏற்பாடு. மழை பிடிச்சிடுச்சு. கூடாரத்துல சூடா சாப்பாடு இருந்துச்சு... எல்லாரும் அப்படியே போயிட்டாங்க. மக்கிப்போகும்னு நெனச்சேன்.”

“பிளாஸ்டிக்கு மக்குமா?”

அவன் சைக்கிளைப் பாதையோரம் சாய்த்து வைத்தான்.

“சரி வா. இதுல நீ கட்டினது எது, சங்கம் கட்டினது எது, காட்டு.”

அவன் வரிசைக்குள் வந்தான். ஒரு ரிப்பனைப் பிடித்துப் பார்த்தான். அடுத்ததைப் பிடித்தான். குனிந்து முடிச்சைப் பார்த்தான், ஏதோ அதில் எழுதியிருப்பது போல. முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. நாலாவதோ ஐந்தாவதோ கொடியில் நின்றுவிட்டான்.

“தெரியல மதாம். நான் கட்டல. தன்னார்வலர்கள். எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க.”

அந்த நேரம் பார்த்துப் பாதையில் இரண்டு சைக்கிள்காரர்கள் வந்தார்கள். லோயிக்கின் விடுதியில் தங்கியிருப்பவர்கள் போல. கையசைத்தார்கள். ஒருவன் இறங்கி, வேர் தெரியக் கிடந்த கொடிகளைப் படமெடுத்தான்.

“இந்தக் கட்டையெல்லாம் விப்பீங்களா? இறைச்சி சுட அருமையா இருக்குமாமே!”

நான் கத்தரியைத் தூக்கினேன். என்ன செய்திருப்பேனோ தெரியாது. கிலேம் முந்திக்கொண்டு, “போப்பா, போ, போ, நிக்காத!” என்று விரட்டினான். போய்விட்டார்கள். லோயிக் அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை.

பிறகு அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான். “மதாம், ஒரு யோசனை. மிச்சம் இருக்கிற ரிப்பனையெல்லாம் நாம இப்பவே அவிழ்த்துடலாம். யாருக்குத் தெரியப்போகுது? சிலதுதான நோய். அதுவும் இல்லாமக்கூட இருக்கலாம்.”

கிலேம் வண்டியிலிருந்து குதித்தான். “என்னடா சொன்ன? கீழ எங்கண்ணன் தோட்டம் இருக்குடா! கோடை வந்து பூச்சி ஏறிச்சுன்னா இங்கேருந்து அங்க எத்தனை நேரம்? அடுத்த வருஷம் அவன் வரிசையில ரிப்பன் கட்டணுமா?”

“இலை வர்ற வரைக்கும் காத்திருந்து பாக்கலாமே...”

“இலையில தெரியுறப்போ பூச்சி சாப்பிட்டுட்டுப் பறந்து போயிருக்கும். தெரியாததைப் பேசாத.”

அவிழ்க்கிற யோசனை எனக்கு வரவில்லை என்று சொல்ல மாட்டேன். கொடி மல்லாந்து கிடந்ததைப் பார்த்த அந்த நிமிடமே வந்துவிட்டது. லோயிக் வாயிலிருந்து வந்தபோதுதான் அதன் நாற்றம் எனக்கே அடித்தது. பக்கத்துத் தோட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் என் வரிசைக்குள் சைக்கிள் விட்டவன் சொல்கிற யோசனை அது. நான் அதைச் செய்தால் அவனைத் திட்ட எனக்கு வாய் இருக்காது.

கோபம் அப்போதுதான் முழுசாக வந்தது. கத்தவில்லை. 

“கிலேம். எல்லாத்தையும் பிடுங்கு.”

“தெயோ, யோசிச்சு...”

“ரிப்பன் இருக்கிறது எல்லாத்தையும். ஏறு வண்டியில.”

“மதாம், நான் புதுக்கன்று வாங்கித் தரேன்,” என்றான் லோயிக். “எத்தனை வேணும்னாலும். மார்ச்சுல நானே வந்து நடுறேன்.”

“நடுவ. அது மூணு வருஷம் கழிச்சுக் காய்க்கும். இந்த மாதிரி காய்க்க எத்தனை வருஷம்னு தெரியுமா உனக்கு? நான் செத்து, எம் மகளும் கெழவி ஆகணும். அதுவரைக்கும் நீ இந்த ஊர்ல இருப்பியா? அடுத்த வருஷம் வேற மலை, வேற பாதை.”

“நான் இங்கதான் இருக்கேன் மதாம்.”

“அப்ப நில்லு. ஒவ்வொண்ணும் வர்றதைப் பாரு. போட்டோ எடுக்காத.”

வண்டி கிளம்பியது. பழைய கொடி எளிதில் வராது. இரும்பு நகம் கீழே போய் நெம்பும்போது முதலில் மண் பிளக்கும், பிறகு உள்ளே எங்கோ வேர் அறுபடுகிற சத்தம், துணி கிழிவது போல. ஒவ்வொன்றாக வந்தது. லோயிக் நின்றான். ஒருமுறை கீழே கிடந்த கட்டையைத் தூக்கி ஓரமாகப் போடக் குனிந்தான்.

“தொடாத,” என்றேன்.

நிமிர்ந்துகொண்டான்.

பாதை திரும்புகிற மூலைக் கொடிக்கு வந்ததும் கிலேம் வண்டியை அணைத்தான். இருப்பதிலேயே பருத்த கொடி. அர்மிந்தோவின் இரண்டு கைக்கும் அடங்காது. அதிலும் ஆரஞ்சு ஆடியது.

“தெயோ, நான் ஒண்ணுக்குப் போயிட்டு வரேன்,” என்றான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே. “கொஞ்ச நேரம் ஆகும். திரும்பி வர்றப்போ இந்தக் கொடியில என்ன இருக்கோ அதைத்தான் நான் பாப்பேன். வேற எதையும் பாத்ததா ஞாபகம் இருக்காது.”

நல்லவன்தான். இவ்வளவு கோபத்திலும் அது எனக்குத் தெரிந்தது. கொடியின் தலையில் கை வைத்தேன். போன வாரம் நானே வெட்டிய காயங்கள், வெட்டு வாயில் உலர்ந்த பால் நிறம். ஒரு இழுப்பு இழுத்தால் முடிச்சு வந்துவிடும். லோயிக் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஒரு நம்பிக்கை தெரிந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இந்த ஒன்றை நான் காப்பாற்றிக்கொண்டால் அவனுக்கு நிம்மதி.

“ஒண்ணுக்கு அப்புறம் போகலாம்,” என்றேன். “இதை முடி.”

கிலேம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தான். அந்தக் கொடி வர நேரம் பிடித்தது. வண்டியின் பின்சக்கரம் இரண்டுமுறை தரையைவிட்டு எழும்பியது. வந்தபோது பாதி மூலையையே பெயர்த்துக்கொண்டு வந்தது, சரளைக்கல்லும் சேர்ந்து.

எது நல்லது, எது நோய் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே குவியலில் எரியும்.

கிலேம் போனபின் சரிவில் நானும் லோயிக்கும்தான் இருந்தோம். ரிப்பன் இல்லாத வரிசைகள் மேலே மிச்சமிருந்தன. அதிலும் மேல் மூலையில் கவாத்து முடிக்காமல் இருந்தது. முதல் கொடியின் முன் குனிந்து, போன வருடத்துக் குச்சியை இரண்டு மொட்டுக்கண் விட்டு வெட்டினேன். அடுத்ததற்கு நகர்ந்தேன்.

“மதாம்,” என்றான் பின்னாலிருந்து. குளிரில் அவனுக்குப் பல் அடித்துக்கொண்டது. “நான் போகலாமா?”

நான் அடுத்த குச்சியை வெட்டினேன்.